அண்ணி உட்கார்ந்தால் நகராத கியர்

அந்தச் சனிக்கிழமை வண்டியிலும் வண்டியைச் சுற்றியும் இருந்தவர்கள் ஐந்து பேர். ஓட்டுநர் இருக்கையில் அண்ணி. பக்கத்து இருக்கையில் அண்ணன், ஒரு காலைக் கதவுக்கு வெளியே தொங்கவிட்டபடி. அவருடைய கால்களை மடக்கி வைக்க எந்த வண்டியிலும் இடம் போதாது. பின் இருக்கையில் சித்தப்பா, செய்தித்தாளோடு. அவருக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. வீட்டில் மின்விசிறி ஓடவில்லை என்று சொல்ல வந்தவர், 'வண்டில ஏசி ஓடுமா' என்று கேட்டுக்கொண்டே ஏறி உட்கார்ந்துவிட்டார். ஓட்டுநர் பக்கக் கதவுக்கு வெளியே, தரையில் விரித்த சாக்கின் மேல் மின்னல். வண்டிக்குப் பின்னால், கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் வாளியின் மேல் நான். பிரேக் விளக்கு எரிந்தால் 'எரியுது' என்றும் எரியாவிட்டால் 'எரியல' என்றும் சொல்வது என் பொறுப்பு.

மின்னல் என்பது வண்டிகளுக்கு மின்சார வேலை பார்ப்பவரின் பட்டப்பெயர். 'இதோ வந்துட்டேன்' என்று சொன்ன பிறகு அவர் வந்து சேர எடுத்துக்கொள்ளும் நேரத்தைப் பார்த்து யாரோ வயிற்றெரிச்சலில் வைத்தது.

என் மடியில் எழுது அட்டை இருந்தது, அதில் முடியாத கடிதம் ஒன்றும். எங்கள் வீட்டில் அலுவலகக் கடிதம் என்றால் என்னிடம்தான் வரும். அனுப்புநர், பெறுநர், பொருள் என்று சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கோடு போட்டுப் பழகிய கை. அது அண்ணியின் கடிதம். இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பல வருடங்களாக ஊசியும் கண்ணாடிக் குழாயுமாக இருந்தவரை, ஊருக்கு வெளியே புதிதாகத் திறக்கும் மருத்துவமனையில் பரிசோதனைக் கூடத்துக்கே தலைமை ஏற்கும்படி அழைத்திருந்தார்கள். சம்மதமா இல்லையா என்று கையெழுத்துப் போட்டுக் கடிதம் அனுப்ப வேண்டும். அன்று மாலைத் தபாலில் போகவில்லையென்றால் வேலை அடுத்தவருக்கு. விடியற்காலை முறைக்கு அங்கே போய்ச் சேரப் பேருந்து கிடையாது. வண்டி ஓட்டினால்தான் வேலை. அதற்காகவே அண்ணி பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, முதல் தடவையிலேயே உரிமம் வாங்கி வந்திருந்தார். பயிற்சி வண்டி அவர் சொன்னபடி கேட்டது. வீட்டு வண்டிதான் முறைத்துக்கொண்டு நின்றது.

கடிதத்தில் 'தாங்கள் அளிக்க முன்வந்துள்ள பொறுப்பை' என்பது வரை எழுதி நிறுத்தியிருந்தேன். மீதியை வண்டிதான் சொல்ல வேண்டும்.

அது ஆட்டோமேட்டிக் வண்டி. சாவியைத் திருப்பினால் எஞ்சின் ஓடும். ஆனால் கியர் 'பி' என்ற எழுத்தில் பூட்டிக் கிடக்கும். பிரேக்கை மிதித்தால் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டுப் பூட்டு விடும். பிறகுதான் கியரை இழுக்க முடியும். கை தவறிக் கியரைத் தட்டி யாரும் சுவரில் போய் மோதக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. அண்ணன் மிதித்தால் 'டிக்'. அண்ணி மிதித்தால் ஒன்றுமில்லை. பின்னால் பிரேக் விளக்கும் அதே கட்சி. அண்ணனுக்கு எரியும், அண்ணிக்கு எரியாது.

"மிதிம்மா," என்றார் அண்ணன்.

"மிதிச்சிட்டுத்தான் இருக்கேன்."

"எரியல," என்றேன் நான்.

"நீ எங்க மிதிக்கிற? தடவுற."

"இதுக்கு மேல மிதிச்சா காலு ரோட்டுக்குப் போயிடும்ங்க."

"கொஞ்சம் கோபத்தோட மிதிம்மா," என்றார் சித்தப்பா செய்தித்தாளை விட்டுத் தலை தூக்காமல். "அவனை நெனச்சுக்கிட்டு மிதி."

அண்ணி மிதித்த மிதியில் வண்டி குலுங்கியது. விளக்கு எரியவில்லை.

அண்ணன் இறங்கிச் சுற்றி வந்தார். அண்ணி எழுந்து இடம் விட்டார். அண்ணன் குனிந்து நெம்புகோலை இழுத்து, இருக்கையைத் தடதடவென்று பின்னால் தள்ளி, உட்கார்ந்து, செருப்பு நுனியால் பிரேக்கைத் தொட்டார். 'டிக்.'

"எரியுது," என்றேன்.

கியர் வெண்ணெயில் கத்தி போல இறங்கி ஏறியது. அண்ணன் எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்."

சிரிப்பதற்காகத்தான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. அண்ணி கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

இது இன்று நேற்று நடப்பதல்ல. வண்டி இரண்டு தடவை மின்னலின் பட்டறைக்குப் போய், 'ஒரு குறையும் இல்ல' என்று நற்சான்றிதழோடு திரும்பி வந்திருந்தது. மூன்றாவது தடவையாக அன்று மின்னலையே வீட்டுக்கு வரவழைத்திருந்தோம். சாக்கின் மேலிருந்து எல்லாவற்றையும் பார்த்தவர், பிரேக் பெடலுக்கு மேலே இருக்கும் சுவிட்சைப் பார்க்க வேண்டும் என்றார். அதற்கு ஆள் மல்லாந்து படுத்து, தலையைப் பெடலுக்கு அடியில் நுழைக்க வேண்டும். இருக்கையைக் கடைசிவரை பின்னால் தள்ளிவிட்டு நுழைந்தார். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"மேடம், கையால பெடலை அமுக்குங்க."

அண்ணி வெளியே நின்றபடி குனிந்து அமுக்கினார்.

"எரியுது," என்றேன்.

"டெஸ்ட் லைட்டும் எரியுது. சுவிட்ச் நல்லாருக்கு. ஃபியூஸ் நல்லாருக்கு." மின்னல் தூசியோடு வெளியே வந்தார். "டாக்டரைக் கண்டதும் ஓடிப்போற வயித்துவலி மாதிரில்ல இருக்கு."

"கைக்கு எரியுது, காலுக்கு எரியலையா?" என்றார் அண்ணி.

"வண்டிக்கு ஆளைத் தெரியுது மேடம். நான் என்ன பண்ண?"

அண்ணி மறுபடி உட்கார்ந்தார். இருக்கையை முன்னால் இழுத்து, கண்ணாடியைத் திருப்பி, மிதித்தார்.

"எரியல."

மின்னல் தலையைச் சொறிந்தார். பிறகு ஸ்க்ரூடிரைவரை எடுத்து, கியருக்குப் பக்கத்தில் இருந்த நகத்தளவு மூடியை நெம்பித் திறந்தார். அதன் கீழே ஓர் ஓட்டை. உள்ளே ஒரு குத்து. கியர் விடுபட்டது.

"அவசரத்துக்குன்னு கம்பெனிக்காரனே வச்ச வழி. டெய்லி ஒரு குத்து குத்திட்டுக் கெளம்புங்க."

"அதான் வழி இருக்கே," என்றார் அண்ணன் நிம்மதியாக. "ஒரு ஸ்க்ரூடிரைவர் வாங்கித் தர்றேன். நல்லதா, மரப்பிடி போட்டதா."

"குத்தினா கியர் வரும். பிரேக் லைட் வருமா?" என்றார் அண்ணி.

மின்னல் மூடியைத் திரும்பப் பொருத்தினார்.

"விடியக்காலை இருட்டுல பிரேக் போடுவேன். பின்னாடி வர்றவனுக்குத் தெரியாது. அவன் என் மேல ஏறின பிறகு அதே ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிட்டுப் போவாங்க. என் இரத்தத்தை நானே டெஸ்ட் பண்ணிக்கவா?"

இறங்கிக் கதவைச் சாத்தினார். ஓங்கிச் சாத்தவில்லை. மெதுவாகச் சாத்தியதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நேராக என்னிடம் வந்தார்.

"தம்பி, 'ஏற்க இயலவில்லை'ன்னு எழுதிடுங்க. குடுங்க, கையெழுத்துப் போடறேன்."

நான் பேனாவை மூடினேன். "அப்புறம் மனசு மாறி அடிச்சுத் திருத்தி எழுதினா ஆபீஸ் லெட்டருக்கு மரியாதை இருக்காது அண்ணி. தபால்காரர் வர இன்னும் நேரம் இருக்கு. முடிவா சொல்லுங்க, எழுதறேன்."

அண்ணி அங்கேயே நின்றார். என் வாளிக்குப் பக்கத்தில், அணைந்து கிடந்த பிரேக் விளக்கைப் பார்த்தபடி. வேலையைவிட அந்தச் சிவப்புக் கண்ணாடிமேல்தான் அப்போது அவருக்குக் கோபம் என்று நினைக்கிறேன். மாடியில் யாரோ துணி உதறும் சத்தம் கேட்டது.

"லேப்ல ஒரே இரத்தத்துக்கு ரெண்டு ரிசல்ட் வந்தா," என்று ஆரம்பித்தார், என்னிடமா விளக்கிடமா என்று தெரியாமல், "இரத்தத்தைத் திட்டிட்டு இருக்க மாட்டோம். ஊசி மாறிச்சா, குழாய் மாறிச்சா, வச்ச இடம் மாறிச்சான்னு ஒண்ணொண்ணா பாப்போம்." வண்டியின் முன்பக்கம் நடந்தார். "நான் எறங்கி அவர் ஏறும்போது, ஆளைத் தவிர வேற என்ன மாறுது?"

"எடை," என்றார் சித்தப்பா.

"செருப்பு," என்றார் மின்னல்.

"கண்ணாடி," என்றேன் நான், பின்னாலிருந்து.

"சீட்டு," என்றார் அண்ணி. "மின்னல் உள்ள படுத்தப்பவும் சீட்டு பின்னாடிதான் இருந்துச்சு. ஏங்க, வந்து உக்காருங்க. சீட்டைத் தொடக் கூடாது. நான் விட்ட எடத்துலயே இருக்கணும்."

அண்ணன் முகத்தில் ஏதோ ஒரு நிழல் வந்து போனது. "எனக்கு முட்டி இடிக்குமேம்மா."

"இடிக்கட்டும்."

"உக்கார்றா பெரியவனே," என்றார் சித்தப்பா. இப்போது செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டார்.

அண்ணன் உட்கார்ந்ததை நான் பின் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தேன். மழைக்குடையை மடக்குவதுபோல் முதலில் ஒரு கால், பிறகு முதுகு, பிறகு கழுத்து. முட்டிகள் இரண்டும் ஸ்டியரிங்கின் இரு பக்கமும் காதுபோல நின்றன. தாடை ஹாரனைத் தொட்டு ஒரு தடவை பாம்மென்றது. மிதித்தார். இரண்டு காலாலும் மிதித்தார்.

"எரியல," என்றேன்.

"நல்லா மிதிங்க," என்றார் அண்ணி.

"மிதிக்கிறேன்மா."

"எரியல."

"ஏன்டா," என்றார் சித்தப்பா, "நீயும் தடவுறியா?"

அடுத்து அண்ணி, இருக்கையைக் கடைசிவரை பின்னால் தள்ளிவிட்டு, அதன் விளிம்பில் தொற்றிக்கொண்டு கட்டைவிரல் நுனியால் மிதித்தார். எட்டியும் எட்டாமலும்தான் மிதித்தார். 'டிக்.'

"எரியுது," என்று நான் கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன்.

மின்னல் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு இருக்கைக்கு அடியில் தலையை விட்டார். பிறகு டார்ச்சை வாயிலிருந்து கைக்கு மாற்றிய குரலில், "அண்ணே, இங்க ஒரு குட்டி சுவிட்ச் ஒட்டியிருக்கே. கம்பெனி வச்சது இல்லியே இது."

அண்ணன் தொண்டையைச் செருமினார்.

வண்டி வாங்கிய புதிதில் தெருவில் இரண்டு வண்டிகள் திருடு போயின. அண்ணன் வேறொரு கடைக்குப் போய், பிரேக் சுவிட்சிலிருந்து வரும் கம்பியை வெட்டி, இருக்கைக்கு அடியில் ஒரு ரகசிய சுவிட்சை வைத்துக்கொண்டு வந்துவிட்டார். அதை அணைத்துவிட்டால் எந்தத் திருடன் மிதித்தாலும் கியர் விடாது. சில நாள் அணைத்தார், போட்டார். பிறகு சோம்பல்பட்டு, போட்டபடியே விட்டுவிட்டார். வண்டியை வேறு யாரும் ஓட்டாததால் இருக்கையும் வைத்த இடத்திலேயே இருந்தது.

"வீட்ல ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றார் மின்னல்.

"ரகசியத்தைச் சொல்லிட்டா அப்புறம் அது என்ன ரகசியம்?"

மின்னல் இருக்கையை முன்னால் இழுத்துக் காட்டினார். அடியில் குறுக்கே போகும் இரும்புக் கம்பி அந்தச் சுவிட்சின் மூக்கைத் தள்ளிக்கொண்டு போனது. சுவிட்ச் அணைந்தது. பின்னால் தள்ளினார். அதே கம்பி மூக்கை இந்தப் பக்கம் சாய்த்தது. மறுபடி ஆன். யாரோ அளவெடுத்துச் செய்ததுபோல் இருந்தது.

அண்ணி கணவரைப் பார்த்தார். அதுவரை இல்லாத ஒரு பார்வை.

"நேராவே கேக்கறேன். நான் அந்த வேலைக்குப் போகக் கூடாதுன்னுதான் சொல்லாம இருந்தீங்களா?"

மின்னல் டார்ச்சை அணைத்துவிட்டுத் தரையைப் பார்த்தார்.

"சத்தியமா இல்லம்மா." அண்ணனின் குரல் இறங்கியிருந்தது. "எனக்கு அந்த சந்தேகம் மொத நாளே வந்துச்சு. அதனாலதான் ஒவ்வொரு தடவையும் குனிஞ்சு தடவிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் ஆன்லதான் இருந்துச்சு. அப்போ சுவிட்ச் இல்ல, உன் காலுதான்னு நெனச்சேன்."

அண்ணி யோசித்தார். பரிசோதனைக் கூடத்தில் குழாயை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பாரே, அந்த முகம்.

"எப்போ தடவிப் பார்த்தீங்க?"

"உக்காந்ததும்."

"சீட்டைப் பின்னாடி தள்ளினதுக்கு முன்னயா, அப்புறமா?"

அண்ணன் தன் முட்டிகளைப் பார்த்தார். "தள்ளாம நான் எங்கம்மா உக்கார்றது?"

முதலில் அண்ணியின் தோள் குலுங்கியது. அப்புறம்தான் சிரிப்பு வெளியே வந்தது. "மொத்தத்துல இத்தனை நாளா தடவிட்டு இருந்தது நீங்கதான். கூடம் கோணல்தாங்க. கோணலாக்கினதும் நீங்கதான்."

"ஒப்புக்கிறேன்," என்றார் அண்ணன், எல்லாருக்கும் கேட்கும்படி.

மின்னல் அந்தச் சுவிட்சைப் பிடுங்கி, கம்பியின் இரண்டு முனையையும் பழையபடி சேர்த்து, முறுக்கிப் பற்றவைத்துச் சுற்றிலும் டேப் ஒட்டினார். சுவிட்சை அண்ணன் கையில் கொடுத்தார். அண்ணன் அதைத் தட்டிப் பார்த்துக்கொண்டே, "இனி திருடன் வந்தா?" என்றார்.

"இதுவரைக்கும் மட்டும்?" என்றார் சித்தப்பா. "நெட்டையா ஒருத்தன் வந்திருந்தா, சீட்டைத் தள்ளிட்டு நிம்மதியா ஓட்டிட்டுப் போயிருப்பான். உன்கிட்ட மாட்டியிருக்கக் கூடியவன் குள்ளத் திருடன் ஒருத்தன்தான்."

அண்ணி இருக்கையைத் தன் அளவுக்கு இழுத்து உட்கார்ந்தார். மிதித்தார். நான் பார்ப்பதற்கு முன்பே விளக்கின் சிவப்பு என் வெள்ளைத்தாளில் விழுந்துவிட்டது.

"எரியுது அண்ணி."

"எழுதுங்க தம்பி."

'தாங்கள் அளிக்க முன்வந்துள்ள பொறுப்பை மகிழ்வுடன் ஏற்றுக்கொள்கிறேன்.' அடித்தல் திருத்தல் இல்லாமல் வந்தது. ஸ்டியரிங்கின் மேலேயே அட்டையை வைத்து அண்ணி கையெழுத்துப் போட்டார். நான் தாளை மூன்றாக மடித்து உறையில் இட்டு, ஓரத்தில் பசை தடவி, கட்டைவிரலால் நீவி ஒட்டினேன்.

தபால்பெட்டி தெருமுனையில். நடந்தே போகலாம். யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பக்கத்து இருக்கையில் கடிதத்தோடு நான் ஏறினேன். மின்னல், சித்தப்பாவுக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். "ஏசியைப் போடும்மா," என்றார் சித்தப்பா. என் வாளி வேலை அண்ணனுக்குப் போனது. வண்டிக்குப் பின்னால் நடந்து வந்து விளக்கைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அண்ணி வேண்டுமென்றே நாலு இடத்தில் பிரேக் போட்டார். நாலு இடத்திலும் பின்னாலிருந்து மூச்சு வாங்கும் குரல் வந்தது: "எரியுது... எரியுதும்மா..."

பெட்டி முன்னால் வண்டியை நிறுத்தி, கியரைப் 'பி'க்குத் தள்ளி, என் கையிலிருந்த கடிதத்தை வாங்கிக்கொண்டு அண்ணி இறங்கினார். முகவரியை ஒரு தடவை படித்துப் பார்த்தார். பிறகு பெட்டியின் வாயில் நுழைத்து, விழுந்துவிட்டதா என்று கையை உள்ளே விட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.