ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்

பெரியமடுக் குளத்துத் தண்ணீரை வயலுக்கு விடும் துருசைத் திறந்தால் பேசாலைக் கடல் வற்றும் என்பது, சண்டை முடிந்து சனங்கள் மீளக் குடியேறிய இரண்டாம் வருடம்தான் தெரியவந்தது. கண்டுபிடித்தவர் எருக்கலம்பிட்டி மீராசாஹிபு. புத்தளத்து அகதி முகாமில் இளமையைக் கழித்துவிட்டு ஊர் திரும்பிய அவர், பேசாலைக் கருவாட்டைப் பட்டா வாகனத்தில் ஏற்றிப் பெரியமடு போன்ற உள்நாட்டு ஊர்களுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து அரிசி ஏற்றி வருவார். பேசாலை மணலில் நெல் விளையாது, பெரியமடுவுக்குக் கடல் இல்லை. நடுவில் அந்த வாகனம் ஓடினால்தான் இரண்டு ஊரிலும் உலை கொதிக்கும். ஒருநாள் காலை பெரியமடுவில் துருசு திறப்பதைப் பார்த்துவிட்டு வந்தவர், மத்தியானம் பேசாலையில் வள்ளங்கள் தரையில் சரிந்து கிடக்கக் கண்டார். அடுத்த முறையும் அப்படியே. அரசாங்கக் கந்தோரிலிருந்து வந்தவர்கள் இரண்டு இடத்தையும் அளந்து பார்த்து, ஒன்றுக்கொன்று தொடர்பில்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள். கடல் அதைக் கேட்கவில்லை.

கடைசியில் பேசாலை மாதா கோயில் முற்றத்தில் இரண்டு ஊராரும் கூடினார்கள். "எங்கட கடலைக் குடிச்சுத்தான் வயல் விளைக்கிறியள். இனிமேல் கருவாடு உப்புக் கூட எண்டு குறை சொல்லக் கூடாது, கண்டியளோ" என்று யாரோ சொல்ல, சிரித்தபடியே ஒப்பந்தம் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை பேசாலையார் பூசைக்குப் போவார்கள், கடலுக்குப் போகமாட்டார்கள். ஆகவே துருசை ஞாயிறு மட்டும் திறப்பது, பொழுதுபட முன்னம் மூடிவிடுவது. மூடுவதையும் மெதுவாக மூடவேண்டும். சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் செபமாலையில் ஒரு பத்து மணி சொல்லி முடிக்கவேண்டும், இல்லாவிட்டால் போன கடல் ஒரே பாய்ச்சலில் திரும்பி வரும். அந்தச் சக்கரத்தை றோசம்மாவிடம் ஒப்படைத்தார்கள். புருசனைக் கடைசிச் சண்டையில் பறிகொடுத்தவள், பெரியமடுவில் ஒரு துண்டு வயல் உள்ளவள். அவளுடைய ஒரே மகள் ஜெனிஸ்ரா பேசாலையில் றெக்சனைக் கட்டியிருந்தாள். கடலில் ஒரு மருமகனும் கரையில் ஒரு வயலும் உள்ள கை எந்தப் பக்கமும் சாயாது என்று இரண்டு ஊரும் நம்பின.

சில வருடங்கள் அப்படித்தான் நடந்தது. பிறகு அக்கரையிலிருந்து இந்திய இழுவைப் படகுகள் வரத் தொடங்கின. அவை வரும் நாட்களில் வலை போட்டால் அறுந்த கயிறுதான் மிஞ்சும். மிஞ்சிய நாட்கள் வயிற்றுக்குப் போதவில்லை. மழை பிழைத்த ஒரு வருடம், நெல் கதிர் தள்ளும் நேரம், றோசம்மா துருசடியில் நிற்கும்போது ஜெனிஸ்ராவின் அழைப்பு வந்தது.

"அம்மா, இண்டைக்குத் திறந்து போடாதேங்கோ. இவர் விடியக் கடலுக்குப் போயிட்டார்."

"ஞாயிற்றுக்கிழமையோ பிள்ளை?"

"வேற நாள் எங்க கிடக்கு? பூசை வைக்கிற சுவாமிக்குத் தெரியாமல்தான் போனவை. பின்னேரம் வந்திடுவினம்."

றோசம்மா அதைக் கமக்காரரிடம் மறைக்கவில்லை. பின்னேரம் திறந்தால் தண்ணீர் கடை வயலுக்குப் போய்ச்சேர முன்னம் மூடவேண்டி வரும். எல்லாரும் வரம்பில் குந்தியிருந்து அவளையே பார்த்தார்கள். அவர்களில் செல்வராசாதான் வாயைத் திறந்தான். "பூசைக்குப் போகாதவைக்காக நாங்கள் பதர் அறுக்கிறதோ அக்கா?" பிறகு குரலை இறக்கி, "உங்கட மருமோன் நல்லா நீந்துவான்தானே" என்றான்.

மத்தியானம் வரை அவள் பொறுத்தாள். யாரும் அவளைத் தொடவுமில்லை, அதட்டவுமில்லை. வெயிலில் சுருண்ட பயிரின் வாசம் மட்டும் வந்தது. அது செட்டிகுளம் முகாமில் கஞ்சி வரிசையில் நின்றபோது தன் வாயிலிருந்தே வந்த வாசம் போல் இருந்தது. ஒரு மருமகனா ஒரு ஊர்ச் சோறா என்று அவள் தராசு பிடித்திருந்தால் பிறகு அழுவதற்காவது ஒரு காரணம் இருந்திருக்கும். அவள் எதையும் நினைக்கவில்லை. பசியைப் பழகியிருந்த உடம்பு அவளைக் கேளாமலே எழும்பிப் போய்ச் சக்கரத்தைப் பிடித்தது. நாலு விரல் அளவுதான் திறந்தாள்.

தண்ணீர் முதல் வாய்க்காலைத் தாண்டியபோது மறுபடி அழைப்பு. "கடல் ஓடிப் போச்சு அம்மா! வள்ளமெல்லாம் தரையில நிக்குது. இவையள் நடந்து வருகினம், எனக்குத் தெரியுது. மூடுங்கோ! கெதியா மூடுங்கோ!"

திறந்தபடியே விட்டிருந்தால் அவர்கள் நடந்தே கரைக்கு வந்து தேத்தண்ணி குடித்திருப்பார்கள். அதை யோசிக்கும் அமைதி அந்த நேரம் தாயிடமும் இல்லை, மகளிடமும் இல்லை. றோசம்மா இரண்டு கையாலும் சக்கரத்தைச் சுழற்றினாள். ஒரு மணியும் சொல்லவில்லை. பேசாலையில் கடல் எழும்பி நின்று திரும்பியது. முன்னால் வந்த றெக்சனின் அண்ணன் ரொபின்சனை அது மணலில் தூக்கி எறிந்தது. றெக்சன் பின்னால் வந்துகொண்டிருந்தான். வள்ளத்து எஞ்சினை விட்டுவர மனமில்லாமல், கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு மெல்ல நடந்தவன். எஞ்சின் பிறகு கரையொதுங்கியது. அவன் ஒதுங்கவில்லை.

மூடச் சொன்னது யார் என்பதை றோசம்மா ஒருவருக்கும் சொல்லவில்லை. ஜெனிஸ்ராவும் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஒருவரோடொருவர் பேசுவதும் நின்றது. பேசாலை கோபத்தில் கருவாடு அனுப்பாமல் இருந்தது, பெரியமடு பதிலுக்கு அரிசியைப் பிடித்து வைத்தது. ஒரு கிழமைக்கு மேல் கோபிக்க இரண்டு ஊருக்கும் வசதியில்லை. மீராசாஹிபு மறுபடி வாகனத்தை எடுத்தார். சக்கரத்தை வேறு ஆளிடம் கொடுக்கவேண்டும் என்று பேச்சு வந்தபோது பேசாலையார்தான் வேண்டாம் என்றார்கள். "இனி அவவின்ர கை அவசரப்படாது" என்றார்கள்.

அடுத்தடுத்த ஞாயிறுகளில் அவள் திறந்த தண்ணீரில் அந்த வருடம் கதிர் தலை சாயும்படி விளைந்தது. புது அரிசியில் முதல் சோறு தின்ற செல்வராசா, இப்படியும் உப்புக் கொட்டுவதோ என்று மனுசியை ஏசினான். அவள் உப்புப் போடவேயில்லை. எல்லா வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. கழுவிப் பார்த்தார்கள், ஊறவைத்து வடித்துப் பார்த்தார்கள். உப்புப் போகவில்லை. அது எந்த உப்பு என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை, வேறு அரிசியும் இல்லை. பெரியமடுவார் தலையைக் குனிந்துகொண்டு தின்றார்கள்.

றோசம்மா தன் வயல் அரிசியில் ஒரு மூட்டை கட்டி, மகளுக்குக் கொடுக்கச் சொல்லி மீராசாஹிபுவிடம் ஏற்றிவிட்டாள். மூட்டை திரும்பி வந்தால் இறக்கி வைப்பதற்கென்று வாசலில் சாக்கும் விரித்து வைத்திருந்தாள். அடுத்த கிழமை அவர் வெறும் கையோடு வந்தார்.

"என்ன சொன்னவள், மீராசாஹிபு நானா?"

"ஒண்டும் சொல்லேல்ல தங்கச்சி. நான் நிக்கவே உலை வச்சுச் சோறாக்கினவ. ஒரு வாய் திண்டு பாத்தவ. நான் வெளிக்கிடக்க கூப்பிட்டு, உப்புக் காணும், அளவாக் கிடக்கு எண்டு அம்மாட்ட சொல்லுங்கோ எண்டவ."

றோசம்மா அடுத்த மூட்டையைக் கட்டத் தொடங்கினாள்.