உன் பங்குக்கும் சேர்த்து

சட்டைக் காலரில் மறுபடியும் தண்ணீர் தெளித்து இஸ்திரிப் பெட்டியை அழுத்தினாள். சலவைக்கடையில் வருஷக்கணக்காக இஸ்திரி போட்டுப் பழகிய கை. ஒரே இடத்தில் இரண்டாம் தடவை பெட்டியை வைப்பது கடையில் அவளுக்குப் பிடிக்காத காரியம். இந்த வெள்ளைச் சட்டையில் எத்தனையாவது தடவை என்று அவளுக்கே தெரியவில்லை.

"போதும்மா. துணி கருகிடப் போகுது," என்றாள் மகள்.

உள்ளறையில் கணவரோடு வேலை பார்த்த இருவர் அவர் உடம்பைத் துடைத்து முடித்துச் சட்டைக்காகக் காத்திருந்தார்கள். மகள் சட்டையை வாங்கிக்கொண்டு போனதும் கை வெறுமையாகிவிட்டது. அதற்குத்தான் அவள் பயந்துகொண்டிருந்தாள். அடுப்பைத் துடைத்தாள். கழுவிய டம்ளர்களை எடுத்து மறுபடியும் கழுவினாள். யாரோ தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நாற்காலி சூடாகும் முன்பே எழுந்து, வாசலில் சிதறிக் கிடந்த செருப்புகளை ஜோடி சேர்க்கப் போனாள்.

லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் வேலை. தினமும் எத்தனையோ பேரை மேலே அனுப்புகிறேன், ஒருத்தர் வீட்டிலிருந்தும் போலீசுக்குப் போனதில்லை என்பார். எந்த விருந்துக்குப் போனாலும் இந்த ஒரே ஜோக்தான். முதலில் சிரிப்பதும் அவர்தான். போன வாரம் வேலைக்குக் கிளம்பி, ஷூவின் கயிற்றைக் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் நடந்துகொண்டே ஜெபித்தாள். முதலில், அவர் எழுந்து நடக்க வேண்டும் என்று கேட்டாள். பிறகு பேரத்தைக் குறைத்துக்கொண்டே வந்தாள். பேசினால் போதும். கண்ணைத் திறந்தால் போதும். பிடித்திருக்கும் கையைத் திருப்பி ஒரு தடவை அழுத்தினால் போதும். நேற்று மதியம் அந்தக் கை அவள் கைக்குள்ளேயே ஆறிப்போனது.

கூடத்தில் மேஜரின் குரல் ஓங்கிக் கேட்டது. மேஜர் என்பது கணவர் தன் அக்காவுக்கு வைத்த பெயர். பள்ளிக்கூட கேன்டீனில் தலைமைச் சமையல்காரர். நூறு பிள்ளைகளை ஒரு அதட்டலில் வரிசையில் நிறுத்துகிறவர். இங்கேயும் வந்த கையோடு நாற்காலிகளைத் திருப்பிப் போட்டு, சவப்பெட்டிக்கு இடம் ஒதுக்கி, அழுகிற ஆட்களை ஓரமாக நின்று அழச் சொல்லிவிட்டார். தம்பிக்கு அவர் வேறு பெண் பார்த்து வைத்திருந்தார். அந்தக் கசப்பு இரண்டு பக்கமும் தீரவே இல்லை. ஒரே அறையில் இருந்தாலும் மேஜரும் அவளும் பேச வேண்டியதைக் கணவர் வழியாகத்தான் பேசுவார்கள். இனி யார் வழியாகப் பேசுவது என்று இருவருக்கும் தெரியவில்லை.

போதகர் வந்து பெட்டியருகே நின்று ஜெபித்தார். நல்ல மனிதரைத் தந்ததற்காக ஆண்டவருக்கு நன்றி சொன்னார். அதிகம் வேதனைப்படாமல் அவரைச் சேர்த்துக்கொண்டதற்காகவும் நன்றி சொன்னார். கூடமே ஆமென் என்றது. அவள் உதடு பிரியவில்லை. அடுத்த நன்றி ஆரம்பிப்பதற்குள் சமையலறைக் கதவைத் திறந்து வெளியே போய்விட்டாள்.

மருந்துக்கடையைத் தாண்டினாள். கதவு இறக்கிய டயர் கடையைத் தாண்டினாள். பஸ் நிறுத்தத்தில் ஒரு பஸ் நின்று, அவள் ஏறுவாள் என்று பார்த்துவிட்டுக் கிளம்பியது. தெருமுனையில் திரும்பி, வந்த வழியே நடந்தாள். எதிரே மேஜர் மூச்சிரைக்க வந்துகொண்டிருந்தார். காலில் ஒன்று அவருடைய செருப்பு, இன்னொன்று யாருடையதோ.

"எங்க போற?"

"தெரியல."

"சரி, நட. நானும் வர்றேன்."

இருவரும் மறுபடியும் தெருமுனை வரை போனார்கள். மேஜர் ஒன்றும் கேட்கவில்லை. அதனாலோ என்னவோ அவளுக்குப் பேச்சு வந்தது.

"என்னால ஆமென் சொல்ல முடியல அண்ணி. கையை ஒரே ஒரு தடவை அழுத்த வெச்சிருக்கலாம். ஆண்டவருக்கு அதுல என்ன குறைஞ்சிருக்கும்? எதுவும் தரல. நன்றி மட்டும் நான் சொல்லணுமா?"

அதட்டல் வரும் என்று எதிர்பார்த்தாள். மேஜர் டயர் கடை வாசலில் நின்று, தப்பான செருப்பைச் சரிசெய்வதுபோலக் குனிந்தார். குனிந்தபடியே பேசினார்.

"என் வீட்டுக்காரர் போனப்ப எனக்கும் வரல. ஆலயத்துக்குப் போவேன், போகலன்னா நாலு பேர் பேசுவாங்க. பாட்டு ஆரம்பிச்சா வாயை மட்டும் அசைப்பேன். வெறும் காத்துதான் வரும். உன் புருஷன் எழுந்து என் பக்கத்துல வந்து நின்னுக்கிட்டுக் கத்துவான், ஞாபகம் இருக்கா?"

அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அவளைத் தனியே விட்டுவிட்டு அக்காவின் வரிசைக்குப் போய்விடுவார். சுருதி என்பது மருந்துக்கும் கிடையாது. முன் வரிசையெல்லாம் திரும்பிப் பார்க்கும். மானம் போகிறது என்று வீட்டுக்கு வந்து எத்தனை சண்டை. அவர் தலையைச் சொறிந்துகொண்டு சிரிப்பாரே தவிரப் பதில் சொன்னதில்லை.

"ஏன்டா இப்படிக் கத்துறேன்னு ஒருநாள் கேட்டேன். 'உன் பங்குக்கும் சேத்துப் பாடுறேன்க்கா, உனக்கு வந்ததும் நிறுத்திக்கிறேன்'னான். ரொம்ப நாள் எனக்குன்னு நம்பிக்கை எதுவும் இல்ல. அவன் நம்பிக்கையை வெச்சுத்தான் ஓட்டினேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

"நான்தான் சொல்லக் கூடாதுன்னேன். உன் முன்னால நான் தளர்ந்து போயிட்டதா தெரியணுமா?" மேஜர் நிமிர்ந்தார். முகம் சிவந்திருந்தது. "இன்னிக்கு நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். சும்மா என் பக்கத்துல நில்லு. நான் பாத்துக்கிறேன்."

ஆலயத்தில் அவளை உள்ளே தள்ளி, வரிசையின் ஓரத்தில் மேஜர் நின்றுகொண்டார். எழுந்து ஓட வழியில்லை. பாட்டு ஆரம்பித்தது. தம்பியைப் போலவே அக்காவுக்கும் சுருதி கிடையாது என்று அப்போதுதான் தெரிந்தது. ஆர்மோனியம் ஒரு பக்கம் போக, மேஜர் கேன்டீன் குரலில் இன்னொரு பக்கம் போனார். மகள் அழுதுகொண்டிருந்தவள் திடுக்கிட்டு அத்தையைப் பார்த்தாள். ஜெபம் முடியும்போதெல்லாம் மேஜர் ஆமென் என்றார். பிறகு மூச்சு வாங்கி, இன்னொரு ஆமென் என்றார். பின் வரிசையில் யாரோ இருமினார்கள். மேஜர் சட்டை செய்யவில்லை.

அவள் கால்கள் இன்னும் குறுகுறுத்தன. கைக்குட்டையை மடித்தாள், பிரித்தாள், மடித்தாள். ஆனால் நின்றாள். பக்கத்தில் ஒருவர் அவள் பங்கையும் சுமந்துகொண்டு நிற்கும்போது ஓடுவது சரியில்லை என்று பட்டது. இப்படித்தான் அவரும் நின்றிருக்கிறார். வாரா வாரம், ஊர் சிரிக்க, வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டு.

கல்லறைத் தோட்டத்தில் காற்று பலமாக அடித்தது. போதகரின் அங்கி படபடத்தது. அவர் இந்தத் தடவை அதிகம் பேசவில்லை.

"இது அவரை விட்டுட்டுப் போற இடம் இல்லம்மா," என்று அவளைப் பார்த்துச் சொன்னார். "ஒப்படைச்சுட்டுப் போற இடம். வாங்கிக்கிறவர் உயிரோட இருக்கார். திரும்பத் தருவார்."

நன்றியைக் கேட்டபோது அவளுக்குள் மூடிக்கொண்ட ஏதோ ஒன்று ஒப்படைப்பது என்ற சொல்லுக்கு மூடவில்லை. கடையில் முகம் தெரியாத ஆட்கள் தங்களிடம் இருப்பதிலேயே உசத்தியான துணியை அவள் கையில் கொடுத்துவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் போவார்கள். அவர்களுக்கு அவளைப் பற்றி என்ன தெரியும்? இவளுக்கோ ஆண்டவரைச் சின்ன வயதிலிருந்து தெரியும். கோபம் போகவில்லை. கோபத்தோடேயே கேட்கலாம் போலிருந்தது.

பெட்டி கீழே இறங்கியது. கயிறு மரத்தில் உரசும் சத்தம் கேட்டது. அவள் கண்ணை மூடினாள். ஆஸ்பத்திரியில் பேசியதற்குப் பிறகு இப்போதுதான் ஆண்டவரிடம் பேசினாள், மனசுக்குள். பேரம் எதுவும் இல்லை.

ஆண்டவரே, இந்தாங்க. பாத்துக்கோங்க. அங்கயும் சத்தமாத்தான் பாடுவார். யாரும் அவரைத் திட்டாம பாத்துக்கோங்க.

போதகர் ஜெபத்தை முடித்தார். மேஜர் ஆமென் என்றார். இரண்டாவதற்கு மூச்சை இழுத்தார்.

"ஆமென்," என்றாள் அவள். காற்றில் அது பக்கத்து ஆளுக்கு மட்டுமே கேட்டிருக்கும்.

மேஜர் இழுத்த மூச்சை மெதுவாக வெளியே விட்டார். திரும்பிப் பார்க்கவில்லை. மண் போட முன்னால் போனவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.

திரும்பும்போது வேனில் ஜன்னலோரம் அவளுக்கு இடம் போட்டார்கள். மேஜர் பக்கத்தில் உட்கார்ந்தார். மகள் முன் இருக்கையிலிருந்து தண்ணீர் பாட்டிலை நீட்டி, வீட்டுக்கு வருகிறவர்களுக்கு என்ன ஏற்பாடு செய்வது என்று கேட்டாள். பதில் சொல்ல வேண்டும் என்று அவள் நினைத்தாள். வெளியே மரங்கள் நிதானமாக நகர்ந்தன. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது; சாய்ந்த இடம் கனமாக, மெத்தென்று இருந்தது.

வேகத்தடை ஒன்று வந்தபோது, மேஜர் டிரைவரிடம் ஏதோ சொன்னது தூரத்தில் கேட்டது. வண்டி ஏறியதும் இறங்கியதும் அவளுக்குத் தெரியவில்லை.