ஷாயிஸ்தா கழற்றிக் கொடுத்த கை

சேலையூர் கேம்ப் ரோட்டில் உள்ள அந்தப் பள்ளி ரோபோ போட்டிக்கு இரண்டு அணிகளை அனுப்பியது. முதல் அணிக்கு முகிலன் கேப்டன். பள்ளிக் கட்டடம் நிற்கிற நிலமே அவன் குடும்பத்துடையது, அப்பா கரஸ்பாண்டென்ட். இரண்டாம் அணி என்பது பதினொன்றாம் வகுப்பு ஷாயிஸ்தாவும் அவள் தோழி ஓவியாவும்தான். முதல் அணி ஒதுக்கிய மோட்டார், சக்கரம், வயர் எல்லாம் இவர்களிடம் வரும். ஷாயிஸ்தா அதைக் குறையாக நினைத்ததில்லை. ஒதுக்கியதில் எது இன்னும் ஓடும் என்று பார்ப்பதுதான் அவளுக்குப் பிடித்த வேலை. அவள் கட்டுவாள், ஓவியா ரிமோட் பிடித்து ஓட்டுவாள்.

மாநிலப் போட்டி வண்டலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியின் உள்ளரங்கில் நடந்தது. அதில் ஜெயித்தால் புனேயில் தேசியப் போட்டி. தரையில் கிடக்கும் ரப்பர் வளையங்களை ரோபோ எடுத்துக் கம்பத்தில் மாட்ட வேண்டும். பெரும்பாலான ரோபோக்களின் கை குட்டைக் கம்பத்தோடு நின்றுவிட்டது. ஷாயிஸ்தா செய்த கை மடங்கியபடியே மேலே போய், அங்கே நீண்டு, நெட்டைக் கம்பத்தில் வளையத்தைப் போட்டது. மதியத்துக்குள் அவர்கள் மூன்றாவது இடத்துக்கு வந்துவிட்டார்கள். முகிலனின் அணி பதினொன்றாவது. முதல் எட்டு அணிகளுக்குத்தான் அடுத்த சுற்று.

ஷாயிஸ்தாவின் அம்மா சபீஹா கட்டிக்கொடுத்த பிரியாணியை இருவரும் ஒரே டப்பாவில் சாப்பிட்டார்கள். கை கழுவப் போன ஓவியா வெகுநேரம் கழித்துத்தான் வந்தாள். அவளுக்குப் பின்னாலேயே பயிற்சியாளர் ஸ்டெபின் சார் வந்தார்.

"ஷாயிஸ்தா, முகிலன் டீமோட கை மோட்டார் புகைஞ்சு போச்சு. உன்னோட கையைக் கழட்டி அவங்களுக்கு மாட்டிடு."

"சார், எங்களுக்கு இன்னும் ஒரு மேட்ச் இருக்கு."

"தெரியும். எல்லாம் ஸ்கூல் பொருள்தானேம்மா. கரஸ்பாண்டென்ட் சார் மேல கேலரியில உட்கார்ந்திருக்கார்."

"நாங்க மூணாவது இடத்துல இருக்கோம் சார்."

அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் ஸ்க்ரூ டிரைவரை நீட்டினார். "சீக்கிரம். ஓவியாவும் அந்தப் பக்கம் வரட்டும். இதை ஓட்ட அவளுக்குத்தான் தெரியும்."

ஷாயிஸ்தா தோழியைப் பார்த்தாள். "ஓவி, முடியாதுன்னு சொல்லுடி."

"குடுத்துடுடி. எப்படியும் எடுத்துக்கத்தான் போறாங்க."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

ஓவியா ரிமோட்டின் வயரைச் சுற்றிக்கொண்டே சொன்னாள்: "முகிலன் காலையிலயே நம்ம கையைக் கேட்டான். புனே போற டீம்டி அது. நான் என்ன பண்ணட்டும்?"

காலையிலேயே என்றால், சாப்பிடும்போதும் தெரிந்துதான் சாப்பிட்டிருக்கிறாள்.

ஷாயிஸ்தா கையைக் கழற்றினாள். அதை முகிலனின் ரோபோவில் மாட்டவும் அவளைத்தான் கூப்பிட்டார்கள். வேறு யாருக்கும் மாட்டத் தெரியவில்லை. முகிலன் போனைப் பார்த்தபடி, "டைட்டா மாட்டு, ஆடுச்சுன்னா உன்னைத்தான் கேப்பேன்" என்றான். அவள் டைட்டாகத்தான் மாட்டினாள்.

கையில்லாத ரோபோவோடு கடைசி ஆட்டத்துக்கு அவள் தனியாகப் போனாள். போகாமல் இருக்க முடியாது; ஒவ்வொரு ஆட்டத்திலும் இரண்டு பள்ளிகள் ஜோடியாக ஆட வேண்டும், ஒன்று வராவிட்டால் மற்றதற்கும் புள்ளி போய்விடும். ஜோடி, மேடவாக்கத்துப் பையன்கள். "இதை எதுக்குக் கொண்டாந்தே? சும்மா சுத்திக்கினு நிக்கவா?" என்று ஒருவன் கத்தினான். ஓட்டிப் பழக்கமில்லாத ஷாயிஸ்தா ஒரு வளையத்தை முட்டி முட்டிக் கம்பத்தடி வரை தள்ளிக்கொண்டு போனாள். அதற்கு மேல் ஒன்றும் செய்ய வழியில்லை. ரோபோ கம்பத்தைச் சுற்றி வந்தது. அரங்கம் சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு மேல், கேலரியில் அம்மாவோடு உட்கார்ந்திருந்த அவள் அத்தா மொஹ்சினின் குரல் கேட்டது: "விடாதம்மா! தூக்கிடு! தூக்கிடு!" என்ன நடந்தது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஷாயிஸ்தாவின் அணி எட்டுக்கு வெளியே போனது. முகிலனின் அணி நெட்டைக் கம்பத்தை நிரப்பி எட்டுக்குள் வந்தது, பிறகு இறுதிச் சுற்றுக்கும் போனது. வடிவமைப்புப் பரிசுக்காக நடுவர் ஸ்ரீநிவாசராகவன் அவர்கள் மேசைக்கு வந்து, "கையை ஏன் ரெண்டா மடக்கினீங்க?" என்று கேட்டார்.

"ஸ்பீடுக்காக சார்" என்றான் முகிலன்.

பக்கத்து மேசையில் தன் ரோபோவை அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டிருந்த ஷாயிஸ்தா நிமிர்ந்தாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தப் பரிசு அவர்களுக்குப் போயிருக்காது. ஆனால் தன் கையைப் பற்றி ஒருவன் தப்பாகச் சொல்வதை அவளால் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை.

"ஸ்பீடுக்கு இல்ல சார். பழைய மோட்டார், பலம் கம்மி. நீட்டின கையைத் தூக்கச் சொன்னா திணறும். அதனால மடக்கியே தூக்கி, மேல போனப்புறம் நீட்டுறோம்."

நடுவரின் முகம் மலர்ந்தது. "நீ யாரும்மா?"

"எங்க ஹெல்பர் சார்" என்றான் முகிலன். ஓவியா தரையைப் பார்த்தாள். பரிசும் புனே தேசியப் போட்டிக்கான இடமும் அவர்களுக்கே கிடைத்தன.

வீட்டுக்குப் போகும்போது அத்தா, "அடுத்த வருஷம் நல்லா செஞ்சுக்கலாம்மா" என்றார். அம்மா, "ஓவியா என்னமா ஓட்டுச்சு பார்த்தீங்களா?" என்றாள். ஷாயிஸ்தா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

புனேக்கு முன்னால் ஓவியாவுக்கு அந்தக் கையின் பராமரிப்பைச் சொல்லித்தரும்படி ஸ்டெபின் கேட்டார். ஷாயிஸ்தா ஆய்வகத்துக்குப் போய் ஒழுங்காகச் சொல்லித்தந்தாள். எந்த வயர் எங்கே, எந்த ஸ்க்ரூ எவ்வளவு முறுக்க வேண்டும், எல்லாம். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. முழங்கைக்குள்ளே ஒரு பிளாஸ்டிக் பல்சக்கரம் இருந்தது. பாரம் முழுக்க அதன்மேல்தான் விழும். பல் தேயத் தேய அவள் யாருக்கும் சொல்லாமல் புதிது மாற்றிவிடுவாள்.

"வேற ஏதாவது கவனிக்கணுமாடி?" என்று ஓவியா கேட்டாள். பழைய மாதிரியே தோளில் கை போட்டுக்கொண்டு கேட்டாள்.

"இல்ல. அவ்ளோதான்."

புனேயில் முதல் நாளே, ஆட்டத்தின் நடுவில் கை தொங்கிப் போனது. பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்த ஷாயிஸ்தாவின் போனில் பள்ளி குரூப்பின் வீடியோ வந்து விழுந்தது. அனுப்பியவன் முகிலனின் அணியில் இருந்த விக்கி. அதில் முகிலன் ஓவியாவைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தான்: "ஓட்டத் தெரியலன்னா எதுக்குடி வந்தே? எங்கப்பா மானமே போச்சு!" ஓவியா துப்பட்டாவில் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கீழே சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக வந்தன. ஷாயிஸ்தா வீடியோவை இன்னொரு தடவை போட்டுப் பார்த்தாள்.

சற்று நேரத்தில் ஓவியாவே கூப்பிட்டாள்.

"ஷாயி, உள்ள ஒரு சக்கரம் மொழுக்குன்னு தேஞ்சு போயிருக்கு. உனக்குத் தெரியுமாடி?"

"தெரியும்."

அந்தப் பக்கம் விம்மல் கேட்டது. "சரிடி. நான் பண்ணதுக்குப் பண்ணிட்டே. ஆனா இவங்க என் கூடப் பேசவே மாட்டேங்கறாங்க. தனியா உட்கார வச்சிருக்காங்க. சக்கரம்தான் தேஞ்சது, ஓவியா மேல தப்பு இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லிடுடி. ஸ்பீக்கர்ல போடுறேன். ப்ளீஸ்டி."

ஸ்பீக்கரில் அரங்கத்து இரைச்சல் கேட்டது. "சொல்லும்மா" என்றார் ஸ்டெபின்.

"நான் குடுக்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு சார்" என்றாள் ஷாயிஸ்தா. "ஓவியா எப்படி ஓட்டினான்னு எனக்குத் தெரியாது."

போனை வைத்த பிறகு உள்ளே ஏதாவது உறுத்தும் என்று காத்திருந்தாள். உறுத்தவில்லை. நன்றாகப் பசித்தது. எதிர்க்கடையில் இரண்டு சமோசா வாங்கி நின்றபடியே தின்றாள்.

அடுத்த வாரம் ஸ்டெபின் அவளைக் கூப்பிட்டு முதல் அணியில் சேரச் சொன்னார். முகிலனே நாற்காலியை இழுத்துப் போட்டு, "வா, இனிமே டிசைன் எல்லாம் நீதான்" என்றான். அணியிலிருந்து நீக்கப்பட்ட ஓவியா, ஆய்வக வாசலில் தன் பையை வாங்கிக்கொண்டு போக நின்றிருந்தாள். உள்ளே வரலாமா என்று கண்ணால் கேட்டாள்.

ஷாயிஸ்தா எழுந்து போய்ப் பையை எடுத்து வெளியே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.