கொண்டை ஊசி வளைவில் ஒரு தகரக் கோயில்

கிரீஸ் நாட்டு மெகலோபோலியில் இருபத்தெட்டு வருஷமாக டாக்ஸி ஓட்டுகிறேன். மெதுவாகப் போகச் சொல்லும் சவாரி என்றாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அன்றைக்கு ஏறியவள் பேர் எராதோ. பிரேயஸ் துறைமுகத்துக்காரி, நாற்பத்தைந்து வயசைத் தாண்டியிருக்கும். உடம்பு முழுக்கத் துக்கக் கறுப்பு. பின் சீட்டில் உட்காராமல் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, லிக்கேயோன் மலை, வாசை கோயில், அப்புறம் கீழ நேதா ஆறு வரைக்கும் போகணும். ரோட்டோரத்துல எங்க தகரக் கோயில் தெரிஞ்சாலும் நிறுத்துங்க."

"எங்க ரோட்டுல எட்டு வளைவுக்கு ஒம்போது இருக்கும்மா! ஒவ்வொண்ணுக்கும் நின்னா நாளைக்குத்தான் போய்ச் சேருவோம்."

"நாளைக்கே சேருவோம். எனக்கென்ன அவசரம்?"

தொலைந்தது என் பகல் தூக்கம் என்று வண்டியை எடுத்தேன். முதல் தகரக் கோயிலில் இறங்கினாள், கண்ணாடிக் கதவுக்குள் எட்டிப் பார்த்தாள், கையிலிருந்த போட்டோவோடு ஒத்துப் பார்த்தாள், ஏறிக்கொண்டாள். இரண்டாவதிலும் அதே கதை. மூன்றாவதில் என்னால் அடக்க முடியவில்லை.

"என்னதாம்மா தேடுற? சொன்னா நானும் பார்ப்பேன்ல?"

போட்டோவை நீட்டினாள். நிறம் மங்கிப்போன பழைய படம். ஒரு கம்பத்தின் மேல் புறாக்கூடு அளவுக்குத் தகரக் கோயில், பின்னால் அதலபாதாளம்.

"எங்கப்பா ப்ரோகோபிஸ். லாரி டிரைவர். எனக்கு நாலு வயசுல அம்மாகூட சண்டை போட்டுட்டுப் போனவர், இந்த மலையில லாரி கவுந்து செத்துட்டார். இது அவருக்காக வெச்சதுன்னு அம்மா சொல்லுவா. கவர்ல இருந்த தபால் முத்திரை இந்தப் பக்கத்துது, எந்த வளைவுன்னு அவளுக்கே தெரியாது. போன மாசம் அவளும் போயிட்டா. ஒரு தடவையாவது இந்தக் கோயில் விளக்க என் கையால ஏத்தணும்."

அடப்பாவமே! அதற்கப்புறம் என் வாயிலிருந்து ஒரு முணுமுணுப்பு வரவில்லை. நானே வளைவுக்கு வளைவு நிறுத்தினேன்.

லிக்கேயோன் உச்சியில் ஆட்டு மணிச் சத்தமும் காற்றும்தான். ஜீயஸ் பிறந்தது இந்த மலையில்தான். கிரீட் தீவுக்காரன் தன் ஊர்க் குகையில் பிறந்ததாகச் சொல்வான், அவன் புளுகன். "அந்தக் காலத்துல ஜீயஸோட இந்த எல்லைக்குள்ள காலு வெச்சா நிழல் விழாதாம். வருஷத்துக்குள்ள சாவுதானாம்," என்றேன். சொன்னதுதான் தாமதம், விறுவிறுவென்று நடுவில் போய் நின்று குனிந்து பார்த்தாள்.

"நிழல் இருக்கே அண்ணே!"

"இருக்கும், இருக்கும். ஜீயஸுக்கு இப்ப வயசாயிடுச்சு, கண்ணு தெரியாது."

அன்றைக்கு முதன்முதலாகச் சிரித்தாள். நிழலைப் பிடுங்கிக்கொண்டது யார், எல்லையை யார் குறித்தார்கள், ஆடு நுழைந்தால் என்ன ஆகும் என்று மலை இறங்கும்வரை கேட்டுக்கொண்டே வந்தாள். பாதிக்கு எனக்கு விடை தெரியாது, வாய்க்கு வந்ததை அடித்துவிட்டேன்.

வாசையில் அப்போலோ கோயில் மேல் பெரிய வெள்ளைக் கூடாரம் போட்டிருக்கிறார்கள். "கோயிலுக்கு எதுக்கு அண்ணே பந்தல்?" என்றாள்.

"மழையில கல்லு கரையுதாம். நான் கல்யாணம் பண்ணுறதுக்கு முன்னாடி போட்ட பந்தல். எனக்குப் பேரனே வந்துட்டான், இங்க இன்னும் மாப்பிள்ளை வரல."

ரொட்டியும் ஆட்டுப்பாலாடையும் சாப்பிட்டோம். சாப்பிடும்போது அப்பாவைப் பற்றிக் கேட்டேன். முகமே ஞாபகமில்லையாம். வருஷா வருஷம் அம்மா கோதுமை அவித்து, சர்க்கரை தூவி, மாதா கோயிலில் பாதிரியாரிடம் கொடுத்துத் திதி செய்வாளாம். அந்தக் கோதுமையின் ருசிதான் அவளுக்கு அப்பா என்றாள்.

மூன்று மணி சுமாருக்கு, நேதா ஆற்றுக்கு இறங்கும் கொண்டை ஊசி வளைவில் அவளே கத்தினாள். "நிறுத்துங்க! அதான்!"

அதேதான். அதே கம்பம், அதே பள்ளம். கோயிலுக்கு மட்டும் புதுசாக நீலப் பெயின்ட் அடித்திருந்தது. அவள் கதவைத் திறந்தாள். உள்ளே அவள் அப்பா பேர்கொண்ட புனித ப்ரோகோபியோஸ் படம். கண்ணாடிக் குவளையில் எண்ணெய் அரைக்கு மேல் நின்றது, பக்கத்தில் புதுத் தீப்பெட்டி.

"யாரு அண்ணே எண்ணெய் ஊத்துறாங்க? எங்களுக்கு இங்க ஒரு ஈ காக்கா கிடையாதே!"

நான் உள்ளே மறுபடி எட்டிப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் செத்தவனுக்காக அவன் வீட்டார் வைக்கும் கோயிலில் அவன் போட்டோ இருக்கும். பள்ளத்தில் விழுந்தும் பிழைத்தவன் நேர்ந்துகொண்டு வைத்தால் புனிதர் படம் மட்டும்தான் இருக்கும். வெளியூர்க்காரர்களுக்கு எதைப் பார்த்தாலும் சாவுக் கோயில்தான். இங்கே போட்டோ இல்லை. பேசாமல் இருந்திருக்கலாம். என் நாக்கு எங்கே சும்மா இருந்தது?

"எராதோ, இது செத்தவங்களுக்கு வெச்சதில்லம்மா. பொழச்சவன் வெச்சது."

என்னையே பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். கையில் எடுத்திருந்த தீப்பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு ஊர்ப்பக்கம் நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

கூப்பிடு தூரத்தில் ஒரு காப்பிக்கடை. கடைக்காரி சொத்தீரியா நாங்கள் கேட்காமலே தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தாள்.

"அதுவா? நம்ம ப்ரோகோபிஸோடது. லாரியோட உருண்டான், ஒரு கீறல் இல்ல. வாழ்க்க திரும்பக் கெடச்ச எடத்த விட்டுப் போகமாட்டேன்னு இங்கயே தேனீ வளர்த்துக்கிட்டு ஒத்தையா கெடக்கான். நாலு மணியானா எண்ணெயோட வந்துருவான்."

நான் எராதோவின் கையைத் தொட்டேன். "போயிடலாமாம்மா? வண்டி ரெடியாத்தான் இருக்கு."

"மாட்டேன். பாத்துட்டுத்தான் போவேன்." தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தாள்.

வளைவுக்கே திரும்பிப் போய் நின்றோம். எழுபதைத் தாண்டிய மனிதர் ஒருவர் குப்பியோடு ஏறி வந்தார். கறுப்பு உடுத்திய அந்நியப் பெண்ணைப் பார்த்ததும், எங்கள் ஊர்ப்பக்கம் யாரும் யாரையும் முதலில் கேட்பதைத்தான் கேட்டார்.

"நீ யார் வீட்டுப் பொண்ணும்மா?"

இங்கே எல்லோரும் அப்பா பேரைச் சொல்வார்கள். அவள் அம்மா பேரைச் சொன்னாள்.

"மரிகோ பொண்ணு. பிரேயஸ் மரிகோ."

பெரியவர் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தார். பிறகு, குற்றவாளி போல, "எனக்கு எழுத வராது," என்றார். "பொழச்சிட்டேன்னு அவளுக்குத் தெரியட்டும்னு இத போட்டோ புடிச்சு அனுப்பினேன். விலாசம் மட்டும் தபால்காரன் எழுதினான். வான்னு ஒரு வார்த்த வந்திருந்தா ஓடியே வந்திருப்பேன். பதிலே வரல. தபால்ல தொலைஞ்சிருச்சோ என்னமோ."

"தொலையலப்பா," என்றாள் எராதோ. "வந்துச்சு. அதப் பாத்துத்தான் அம்மா கறுப்பு கட்டினா."

"எவ்ளோ நாளு கட்டியிருந்தா?"

"போன மாசம் வரைக்கும். அதோடதான் பொதச்சோம்."