ஐந்தாவது பட்ட மரம்

விதி எளிது. ஒரு ஹெக்டேருக்கு ஐந்து பட்ட மரங்களை நின்றபடியே விட வேண்டும். பொந்துகளில் பறவைகள் இருக்கும். பட்டைக்குள் பூச்சிகள் இருக்கும். அவற்றை வெட்டினால் காட்டின் சான்றிதழ் போய்விடும். சான்றிதழ் இல்லாத மரத்தை எந்த ஆலையும் வாங்காது.

பன்னிரண்டாம் பகுதி ஒரு ஹெக்டேர். அங்கே சரியாக ஐந்து இருந்தன. ஐந்தாவது, வெட்டு நடக்கும் இடத்தின் மேல் சாய்ந்திருந்தது.

“மச்சான், அதோட உச்சி உளுத்துப் போச்சு,” என்றான் மரம் வெட்டுபவன். “பக்கத்து மரம் விழுற அதிர்ச்சியிலயே ஒடிஞ்சிரும். முதல்ல அத சாய்ச்சிடறேன்.”

மேஸ்திரி அவன் மனைவியின் அண்ணன்.

“அடுத்த வியாழக்கிழமை ஆய்வு. நாலுதான் இருந்தா அஞ்சாவதா நீ போய் நிப்பியா?”

மற்றவர்கள் சிரித்தார்கள்.

“அப்ப வேற பகுதி குடுங்க.”

“மாப்பிள்ளைக்கு இலை உதிர்ந்தாலே காய்ச்சல் வந்துரும். பயமா இருந்தா வீட்ல இருந்து பிள்ளைங்களப் பாத்துக்க. நாற்றங்கால்ல என் தங்கச்சி சம்பாதிக்கிறா. உனக்கும் சேத்துப் போடுவா.”

அன்று சாப்பிடும்போது அவன் இதை மனைவியிடம் சொன்னான். யார் யார் சிரித்தார்கள் என்பதையும் சொன்னான்.

மறுநாள் காலை அவன் வெட்டிய மூன்றாவது மரம் விழுந்தபோது அந்தப் பட்ட மரத்தின் உச்சி ஒடிந்து அவன் மேல் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் அடிமரமும் வேரோடு சாய்ந்தது. அவனுடைய தலைக்கவசத்தில் கீறல்கூட இல்லை. கழுத்து முறிந்திருந்தது.

குடியிருப்பு, வெட்டுகிற ஆட்களுக்கானது. அந்த வாரமே புது ஆள் வந்துவிட்டான். தங்கை இரண்டு பிள்ளைகளோடும் நான்கு மூட்டைகளோடும் அண்ணன் வீட்டுக்கு வந்தாள்.

“வா, உன் வீடு மாதிரி நினைச்சுக்க,” என்றார் மேஸ்திரி. அவருடைய மனைவி மூட்டைகளை எண்ணினாள்.

வியாழக்கிழமை ஆய்வாளர் வந்தார். மென்மையாகப் பேசும் பெண். காட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தகரக் கூரை போட்ட அலுவலகத்துக்குத் தங்கையைக் கூப்பிட்டனுப்பினார். அவள் கையைப் பிடித்துக்கொண்டு வருத்தம் சொன்னார். பிறகு மேஸ்திரியிடம் திரும்பினார்.

“பட்ட மரம் நாலுதான் இருக்கு.”

“விழுந்திருச்சு மேடம்.”

“அதனால ஒண்ணுமில்ல. நல்ல மரம் ஒண்ணுக்குப் பட்டைய வளையமா உரிச்சு விட்டுருங்க. ரெண்டு வருஷத்துல பட்டுரும். இப்பவே அஞ்சுல ஒண்ணா சேத்துக்கலாம்.” கையேட்டை விரித்தார். “ஆளுங்களுக்கு ஆபத்தான மரத்த வெட்டிட்டு இப்படி ஈடு பண்ணலாம்னு விதியிலயே இருக்கே. நீங்க படிச்ச பக்கத்துக்கு அடுத்த பக்கம்.”

மேஸ்திரி பார்த்தார். இருந்தது. நான்கே வரிகள்.

“அந்த மரம் ஆபத்துன்னு யாராவது முன்னாடியே சொன்னாங்களா?”

“இல்ல மேடம். அவன் வாயத் திறக்கவே இல்ல.”

ஆய்வாளர் தங்கையைப் பார்த்தார். “உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா? பயப்படாம சொல்லுங்க.”

ஜன்னல் வழியே அண்ணன் வீடு தெரிந்தது. வாசலில் அவளுடைய மூத்த பையன் யாருடைய காலணிகளையோ துடைத்துக்கொண்டிருந்தான்.

“இல்ல,” என்றாள்.

ஆய்வாளர் எழுதிக்கொண்டார்.

அவள் வெளியே வந்தாள். மேஸ்திரி கைக்கோடரியோடு பின்னால் வந்தார்.

“நல்ல பிள்ள,” என்றார்.

“எந்த மரத்த உரிக்கப் போற?”

அவர் கோடரியால் காட்டினார். “ஓடைக்கு அந்தப் பக்கம். நேரா நிக்குது பாரு, அது. அங்க ஒருத்தரும் வேலைக்குப் போறதில்ல. யாருக்கும் தொந்தரவில்ல.”

அவள் அந்த மரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நாற்றங்காலுக்கு நடந்தாள். மதியத்துக்குள் அறுநூறு கன்றுகளுக்குப் பை மாற்ற வேண்டியிருந்தது.