கந்தவேல் கிளப்பின் கற்பூரம்

என் வீட்டுக்காரருக்கு இரண்டு பெண்டாட்டி. ஒருத்தி கோமளவல்லி, அதாவது நான். இன்னொருத்தி கந்தவேல் புட்பால் கிளப். மலைமேல் இருக்கிற சாமிக்கும் இரண்டு பேர்தான். ஆனால் அவர் ஒருத்தியைப் பட்டினி போட்டு இன்னொருத்திக்குச் செலவழித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

கிளப்புக்குக் காப்டன், காரியதரிசி, பந்துக்குக் காற்றடிக்கிறவர் எல்லாம் இவர்தான். பரந்தாமன் என்றால் கடைத்தெருவில் முழிப்பார்கள், காப்டன் என்றால் வீடு வரைக்கும் வந்து காட்டிவிட்டுப் போவார்கள். பதினொரு பேரும் நெசவுக்காரர்கள். பகலெல்லாம் தறிக்குழியில் மிதித்த காலால் சாயங்காலம் பந்தை உதைப்பார்கள். அதுவரைக்கும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

யுத்தம் முடிந்த மறு வருஷம், ஆடிக் கிருத்திகைக்கு டோர்னமென்ட் நடத்துவது என்று கிளம்பினார்கள். யோசனை கோல்கீப்பர் பஞ்சாட்சரத்துடையது.

"திருநாளுக்கு வர்ற ஜனத்துல காவாசிப் பேரு டிக்கெட்டு வாங்கினா போதும் அண்ணி. கிளப்புக்குச் சொந்தமா மைதானமே வாங்கிடலாம்" என்று என் வீட்டில் உட்கார்ந்து, என் வீட்டுக் கூழைக் குடித்துக்கொண்டே சொன்னான்.

பணம் கொடுக்க நூல்கடை சின்னசாமி முன்வந்தார். அவர் பத்திரம் கேட்கவில்லை. "நமக்குள்ள இன்னாத்துக்குப் பத்திரம்? பதினொரு பேரும் மலைமேல வந்து கற்பூரத்த அணைச்சுச் சத்தியம் பண்ணுங்க, அது போதும்" என்றார். எங்கள் ஊரில் பத்திரம் எழுதிக்கொடுத்துவிட்டு ஏமாற்றியவர்கள் இருக்கிறார்கள். எரிகிற கற்பூரத்தைச் சந்நிதியில் கையால் அணைத்துவிட்டுப் பேச்சு மாறியவன் கிடையாது.

சத்தியம் செய்ய வேண்டிய அன்று பஞ்சாட்சரத்தின் பங்காளி வீட்டில் சாவு. அந்த வகையில் ஆறு பேருக்குத் தீட்டு, மலையேறக் கூடாது. மீதிப் பேர் நெசவுக்கான பாவு நூலைத் தெருவில் விரித்துக் கஞ்சி போட்டிருந்தார்கள், அதை விட்டு வர முடியாது. இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று வேறு யாராவது இருந்தால் திரும்பியிருப்பார்கள். இவர் காப்டன் ஆயிற்றே! எல்லாருக்குமாக நானே அணைக்கிறேன் என்று தனியாக மலையேறி அணைத்துவிட்டு வந்தார். சின்னசாமி சிரித்தாராம். ஏன் சிரிக்க மாட்டார்? பதினொரு பேரைத் துரத்துவதைவிட ஒருத்தனைத் துரத்துவது சுலபம். இவர் வீட்டுக்கு வந்து, உள்ளங்கையில் பொத்துப்போயிருந்த கொப்புளத்தை மெடல் மாதிரி என்னிடம் காட்டினார்.

கிருத்திகை வந்தது. ஜனமும் வந்தது. மலையேறியது, மொட்டை போட்டது, பொரி வாங்கிக்கொண்டு ரயிலேறிப் போயிற்று. டிக்கெட் வாங்க வேண்டும் என்று தட்டி கட்டி மறைத்த மைதானத்துக்குள் வெளியூர் டீம்களும் ஒரு சுண்டல்காரனும்தான் இருந்தார்கள். வெளியூர்க்காரர்களுக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு வேறு. அதைவிடக் கொடுமை, நம் ஆட்டக்காரர்களில் பாதிப் பேருக்கு அன்றைக்குக் காவடி வேண்டுதல். கிருத்திகையன்று தாங்களே மலையில் இருப்போம் என்பது டோர்னமென்ட் வைத்த ஒருத்தனுக்கும் உறைக்கவில்லை. ஆறு பேரை வைத்துக்கொண்டு ஆடினால் என்ன ஆகும்? அதுதான் ஆயிற்று.

வசூல் தட்டி வாடகைக்கே காணவில்லை. கடன் வட்டியோடு வளர்ந்தது. தை பிறந்ததும் சின்னசாமி எங்கள் வாசலுக்கு வந்தார், எங்கள் வாசலுக்கு மட்டும். இவர் ஆட்டக்காரர்கள் வீடு வீடாகப் போய்ப் பங்கு கேட்டார். ஒருத்தன்கூடக் கொடுக்கவில்லை. அவர்களில் என் சின்னம்மா மகன் ஜெகநாதன் தன் அக்கா புருஷனுக்குச் சொன்ன பதில்தான் எல்லாவற்றிலும் அழகு. "நீ பண்ண சத்தியத்துல நான் கைய வச்சா சாமி குத்தமாயிடும் பாவா." பணம் கொடுக்காமலிருக்கவும் இவ்வளவு பக்தி வேண்டியிருக்கிறது.

கடைசியில் தறியைக் கேட்டார் சின்னசாமி.

"ஏங்க, தறிய மட்டும் உடாதீங்க" என்று கெஞ்சினேன். "தறி இருந்தாத்தான் சர்க்காரு கண்ட்ரோல்ல அளந்து குடுக்கிற நூலு கெடைக்கும். அது போச்சுன்னா நம்ம கதி இன்னா?"

"சத்தியம் பண்ணிட்டேன்மே."

"அது எங்க நைனா எனக்குக் குடுத்த தறி. நானா சத்தியம் பண்ணேன்?"

மறுநாள் ஆட்கள் வந்து தறியைக் கழற்றி வண்டியில் ஏற்றினார்கள். பாதி நெய்த சேலையையும் விடாமல் அறுத்தார்கள். வீட்டுக்குள் குழி மட்டும் மிச்சம்.

அன்றிலிருந்து நான் அடுத்த தெருவில் கூலிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றப் போகிறேன். அவர் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பார், பேச்சே கிடையாது. அவமானத்தில் இருக்கிறார், போகட்டும் என்று விட்டேன். என்றைக்காவது, உன் தறியைத் தொலைத்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஒரு வார்த்தைக்கு எல்லாவற்றையும் மன்னித்திருப்பேன்.

பங்குனியில் ஒரு நாள் காலையில் பஞ்சாட்சரமும் ஜெகநாதனும் வந்தார்கள். மனசாட்சி குத்தி, கையில் ஏதாவது கொண்டுவந்திருப்பார்கள் என்று நினைத்தேன். என் புத்தியை என்ன சொல்ல!

"பழைய கிளப்ப கலைச்சிட்டோம்ணா" என்றான் பஞ்சாட்சரம். "புதுசு ஆரம்பிச்சாச்சு. சின்னசாமி அய்யாதான் பிரசிடெண்டு. கடன் கிடன் ஒண்ணும் கிடையாது. ஞாயித்துக்கிழம மணவூர்ல மேட்ச்சு."

துடைப்பம் என் கையில்தான் இருந்தது. ஓங்கியும்விட்டேன். அப்போது அவர் குழியிலிருந்து தலையைத் தூக்கினார். வாய் திறந்தார்.

"செண்டர் பார்வர்டு யாரு?"

துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டுத் தார் சுற்றக் கிளம்பினேன்.