இழுத்து நடக்கும் இடது கால்

கஸ்பார் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டைவிட்டுப் போய் நான்கு வருடம். சித்தியவான் பக்கத்து ரப்பர் தோட்டத்தை விற்றாகிவிட்டது. மாதக் கடைசியில் அவர்கள் குடியிருந்த லயத்தை, தொழிலாளர் வரிசை வீடுகளை, இடிக்கப் போகிறார்கள். மனுஷன் திரும்பி வந்தால் எந்தக் கதவைத் தட்டுவார்? இந்தக் கேள்வி அவர் மனைவி இசபெல்லாவைத் தூங்கவிடவில்லை. சிங்கப்பூரில் அவரைப் பார்த்ததாக ஒரு பேச்சு, அவ்வளவுதான் துப்பு.

கஸ்பாரின் தம்பி ஆம்புரோஸுக்கு ஈப்போவில் கம்ப்யூட்டர் கடையில் வேலை. கல்யாணப் போட்டோவிலிருக்கும் முகத்தை இப்போது யார் கண்டுபிடிப்பார்கள்? முகம் மாறும்; நடை மாறுமா? ரப்பர் பால் ஏற்றும் லாரியிலிருந்து விழுந்த நாள்முதல் அண்ணன் இடது காலை இழுத்து நடப்பார். அந்த நடையைப் புள்ளி புள்ளியாக இருபத்து நான்கு படங்கள் வரைந்து, கம்ப்யூட்டரில் ஓடவிட்டிருந்தான். மூன்று வாரம் கண்ணைக் கெடுத்துக்கொண்ட வேலை. டெலிபோன் வழியே சிங்கப்பூர் கம்ப்யூட்டர் ஒன்றுக்கு அனுப்பிவிட்டால், அதோடு தொடர்புள்ள நூற்றுக்கணக்கானவர்கள் எடுத்துப் பார்ப்பார்கள். கம்ப்யூட்டரை டெலிபோனோடு இணைக்கும் மோடமோ இரவல். ஐந்து மணிக்கு அதை வாங்கிப்போகச் சொந்தக்காரர் வந்துவிடுவார்.

அனுப்புமுன் சரிபார்க்க அண்ணியை வரவழைத்திருந்தான்.

திரையில் கஸ்பார் இடமிருந்து வலமாக நடந்து ஓரத்தில் மறைந்தார். மறுபடி வந்தார், மறுபடி மறைந்தார்.

"அவரேதான் தம்பி." இசபெல்லா முந்தானையால் வாயைப் பொத்தினாள். "ஆண்டவரே, மறுபடியும் போறாரே! திருப்பி விடு. எங்கிட்ட வர்ற மாதிரி விடு."

மறுக்க மனம் வரவில்லை. கண்ணாடியில் தெரிவதுபோல் படங்களை இடவலம் மாற்றும் கட்டளையைத் தட்டினான். கஸ்பார் இப்போது அவள் உட்கார்ந்திருந்த இடப்பக்கமாக வந்தார். அண்ணி சிரித்தாள். அப்புறம்தான் ஆம்புரோஸ் காலைப் பார்த்தான். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை.

"அண்ணி, கால் மாறிப்போச்சு லா. இதுல வலது காலை இழுக்குறாரு. இதை அனுப்புனா வேற ஆளைத்தான் தேடுவாங்க."

"சரி பண்ணேன்."

"வர்ற மாதிரின்னா எல்லாம் புதுசா வரையணும். இப்பவே மணி நாலரை."

அவள் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"மொதல்ல காட்டுனதையே அனுப்பு," என்றாள் கடைசியில். "அவரு போறதைத்தானே ஊரு பாத்திருக்கும். வர்றதை யாரு பாத்தா?"

அதை அனுப்ப வேண்டுமானால், அவளிடம் வந்துகொண்டிருக்கும் இந்த நடையை நிறுத்தியாக வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் செய்யும் அந்தக் கம்ப்யூட்டர். ஆம்புரோஸின் விரல் நிறுத்தும் பொத்தான்மேல் நின்றது, அழுத்த முடியவில்லை. அழுதுவிட்டான்.

இசபெல்லா அவன் கையை மெல்ல விலக்கினாள்.

"இதுவா?" என்று கேட்டுத் தானே அழுத்தினாள்.